ஆடற்பெயர்களும் அகராதிகளும்

இயல், இசை, நாடகம் என மொழியை மூன்றாக வகுத்துப் போற்றியவர் தமிழர். அம்மூன்றனுள் நாடகத்தமிழுக்குரிய நூல்கள் பல மறைந்தன என்பது உரையாசிரியர் காலந்தொட்டே நாம் கேட்டுவரும் வருத்தமொழி. நூல்கள் மறைந்தபின் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் பெயர்களே. துணங்கை, அல்லியம், கொடுகொட்டி என்று இன்று நாம் எடுத்துரைக்கும் ஆடல்களைப் பழைய வடிவில் கண்டவர் நம்முள் ஒருவரும் இலர். அவற்றின் பெயரும், அப்பெயரை விளக்க யாரோ ஒரு புலவர் எழுதிவைத்த சில வரிகளுமே நம் கையில் உள்ளன.

ஆதலின், ஆடல் ஒன்றின் பெயருக்கு அகராதியில் தனித் தலைச்சொல்லாக இடம் தருதல் வேண்டுமா, அன்றி 'ஆட்டம்', 'கூத்து' முதலிய பொதுச்சொற்களின்கீழ் அடக்கிவிடலாமா என்னும் வினா, அகராதி தொகுப்போரின் பக்கக் கணக்கை மட்டும் சார்ந்ததன்று. எந்தக் கலை பின்வருவோர்க்குத் தெரியவரும், எது தெரியாமலே போகும் என்பதும் அவ்வினாவுள் அடங்கியிருக்கிறது. தமிழ் அகராதி வரலாற்றின் வழியும், காஞ்சி வட்டாரத்தில் வழங்கும் கூத்தின் பெயர்வழியும் இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் காட்டும் நெறி

ஆடினான் என்பது வினை. ஆடுதல், ஆடல், ஆட்டு, ஆட்டம் என்பன அவ்வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர்கள். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன் அடியாகப் பெயர்கள் தோன்றும் என்ற நன்னூலார், தொழிலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். எனவே, ஒரு செயலின் பெயர் பெயராகும் தகுதியுடையதோ என்னும் ஐயத்திற்குத் தமிழிலக்கணம் என்றோ விடை கூறிவிட்டது.

ஆயினும் தொழிற்பெயர் அனைத்தும் அகராதியில் தலைச்சொல் ஆகவேண்டும் என்பதில்லை. ஓடுதல், எழுதுதல், உழுதல் என்பவற்றின் பொருளை ஓடு, எழுது, உழு என்னும் வினைகளைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். ஆடற்பெயர்களின் நிலை அத்தகையதன்று. 'ஆட்டம்' என முடியும் சொற்கள் சிலவற்றை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் இவ்வுண்மை புலனாகும். நீராட்டம் குளித்தலைக் குறிக்கும், சீட்டாட்டம் பொழுதுபோக்கு, சிலம்பாட்டம் படைக்கலப் பயிற்சி, கரகாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம் ஆகியவை ஆடற்கலைகள். ஆடு என்னும் வினையின் பொருளையும் முன்னிற்கும் சொல்லின் பொருளையும் நன்கறிந்த ஒருவரும், இவற்றுள் எது கலை, எது விளையாட்டு, எது போர்ப்பயிற்சி என்று பிறர் சொல்லாமல் உணர இயலாது. மயிலாட்டம் என்பது மயில் ஆடுவதையும் குறிக்கலாம். மயில்வேடம் புனைந்த கலைஞர் ஆடுவதையும் குறிக்கலாம். முன்னதற்குத் தனிப்பதிவு தேவையில்லை. பின்னது ஒரு கலையின் பெயர். அதற்குத் தனிப்பதிவு இன்றியமையாதது.

பிறமொழிகளிலும் இந்நெறியே காணப்படுகிறது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற வால்ட்ஸ் என்னும் இணைநடனத்தின் பெயர், சுழலுதலையும் உருளுதலையும் குறிக்கும் ஜெர்மானிய வினையினின்று பிறந்தது. அவ்வினை அகராதியில் இருப்பதே போதும், நடனத்தின் பெயர் வேண்டா என்று எவரும் கூறினாரல்லர்.

பதினோராடல் தரும் சான்று

சிலப்பதிகாரக் கடலாடு காதையில், இந்திரவிழாவில் மாதவி ஆடிய பதினோராடல்களை விஞ்சையன் ஒருவன் தன் காதலிக்குக் காட்டுகிறான். கொடுகொட்டி, பாண்டரங்கம், அல்லியம், மல், துடி, குடை, குடம், பேடு, மரக்கால், பாவை, கடையம் என்பன அவை. இப்பட்டியலை அகராதி நோக்கில் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். இவற்றுட் பல, ஆடலுக்கென்றே அமைந்த சொற்கள் அல்ல. துடி ஒரு தோற்கருவி. குடையும் குடமும் அன்றாடம் நாம் எடுத்தாளும் பொருள்கள். மரக்கால் தானியம் அளக்கும் முகத்தலளவையின் பெயருமாகும். பாவை பொம்மையையும், மார்கழி நோன்புப் பாடலையும் குறிக்கும். மல் என்பது மற்போர். 'யாழ் கேட்டான்' என்புழி யாழ் என்னும் கருவியின் பெயர் அதனிற் பிறந்த இசைக்கு ஆகிவந்தாற்போல, இங்கும் பொருளின் பெயரே அப்பொருள்கொண்டு ஆடிய ஆடலுக்குப் பெயராயிற்று.

உரை என ஒன்று இல்லாதிருந்தால் இப்பெயர்களை நாம் எவ்வாறு பொருள்கொண்டிருப்போம்? மரக்காலை நெல்லளக்கும் கருவியாகவே கொண்டிருப்போம். அசுரர் பாம்பும் தேளுமாக வஞ்சித்து வர, அவற்றை உழக்கும்பொருட்டுக் கொற்றவை மரத்தாலாகிய கால்மேல் நின்று ஆடியது அது என்று நாம் அறிந்திருக்கமாட்டோம். குடையாடல், படைக்கலம் இழந்து வருந்திய அசுரர் முன் முருகன் குடையைச் சாய்த்து ஒருமுக எழினியாகக் கொண்டு ஆடியது என்பதும், கடையம், வாணனுடைய நகரின் வடக்கு வாயிற்புறத்து வயலில் உழத்தி வடிவுகொண்டு அயிராணி ஆடியது என்பதும் தெரியாமலே போயிருக்கும்.

அடியார்க்குநல்லார் பதினோராடலைத் தொகைப்பெயராக மட்டும் சுட்டிச் செல்லவில்லை. ஒவ்வொன்றனையும் தனித்தனியே எடுத்து, ஆடிய தெய்வம் இன்னது, களம் இன்னது, உறுப்புகள் இத்துணைய என்று வரையறுத்தார். அல்லியம், கொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல் என்னும் ஆறும் நின்றாடுவன. துடி, கடையம், பேடு, மரக்கால், பாவை என்னும் ஐந்தும் வீழ்ந்தாடுவன என்ற பாகுபாட்டையும் அவ்வுரைவழி அறிகிறோம். இன்றைய வழக்கிற் கூறுவதாயின், பதினொரு பெயர்க்கும் பதினொரு தனிப்பதிவுகள் எழுதிவைத்தவர் அவர். 1892 ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையொடு அச்சேற்றியபோது, மறைந்த ஆடல்கள் நமக்குப் பொருளோடு மீண்டும் கிடைத்தன.

கல்லும் இதற்குச் சான்று பகர்கிறது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மன் காலத்துச் சிற்பிகள் இறைவனின் ஆடல்நிலைகள் பலவற்றை வடித்துள்ளனர். அவற்றின் அருகே பெயர் பொறிக்கப்படவில்லை. அதனால் அந்நிலைகளை இன்னவை என அறுதியிடப் பிற நூல்களின் துணையை நாடவேண்டியுள்ளது. தில்லைக் கோபுர வாயிலிலோ, நூற்றெட்டுக் கரணங்களின் சிற்பங்களோடு நாட்டிய சாத்திரத்துக்குரிய சுலோகங்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கரணங்களை அடையாளங்காண அப்பொறிப்புகள் பெருந்துணை புரிந்தன. சிற்பத்தில் உருவம் உண்டு, பெயர் இல்லை. காப்பியத்தில் பெயர் உண்டு, உருவம் இல்லை. பெயரும் விளக்கமும் ஒருங்கே நின்றவிடத்து மட்டுமே கலை காலத்தைக் கடந்து வந்துள்ளது.

நிகண்டிலிருந்து அகராதிக்கு

தமிழில் சொற்றொகுப்பு முயற்சி நிகண்டுகளில் தொடங்கிற்று. திவாகரம் பன்னிரு தொகுதிகளாக அமைந்தது; அவற்றுள் ஒன்பதாவது செயல் பற்றிய பெயர்த்தொகுதி. பிங்கலத்திலும் பண்பையும் செயலையும் பற்றிய சொற்களுக்குத் தனிவகை உண்டு. செயலின் பெயர்களைத் தொகுத்தற்குரியனவாக நிகண்டாசிரியர்கள் மதித்தார்கள் என்பது இதனால் தெளிவு. எனினும் நிகண்டு மனப்பாடம் செய்தற்குரிய செய்யுள் நூல். ஒரு பொருட்குரிய பல பெயர்களை அடுக்கித் தருவது அதன் இயல்பு. அவ்வமைப்பில் ஆடலின் பெயர் மற்றொரு பெயரின் பக்கத்தில் நிற்குமேயன்றித் தன் பொருளைத் தானே கூறி நிற்க இடம் பெறாது.

வீரமாமுனிவர் 1732 ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதி இந்நிலையை மாற்றியது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவாகச் சொற்களைப் பகுத்து, அகரவரிசையில் வைத்தார் முனிவர். அகரவரிசை என்பது வெறும் வசதி மட்டுமன்று. ஒவ்வொரு சொல்லும் தனக்கெனத் தனிவாயில் பெறுவதற்கு அதுவே வழி வகுத்தது. பின்னர் 1862 இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதி அவ்வழியை மேலும் அகலமாக்கிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியாகிய லெக்சிகன் 1913 ஆம் ஆண்டில் சாண்ட்லர் தலைமையில் பணி தொடங்கியது. 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை அதன் பதிப்பாசிரியராக விளங்கினார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அதனுள் 1,04,405 சொற்கள் இடம்பெற்றன. 1939 இல் வெளிவந்த அநுபந்தம் மேலும் 13,357 சொற்களைத் தந்தது. கூட்டுச்சொற்களையும் தனித் தலைச்சொற்களாகக் கொள்ளும் முறையை அது மேற்கொண்டதனால், குரவை, துணங்கை முதலிய பழம் ஆடற்பெயர்கள் அதில் தமக்குரிய இடம் பெற்றன. ஆயினும் அதன் பெருஞ்செல்வம் இலக்கியத்திலிருந்தும் உரைகளிலிருந்தும் திரட்டப்பட்டது. ஏட்டில் ஏறாத கலைஞர் வழக்குக்கு அதில் வாய்ப்புக் குறைவாகவே இருந்தது. நூலில் உள்ள ஆடல் அழிந்தும் அகராதியில் வாழ்ந்தது. ஊரில் உள்ள ஆடலுக்கோ அவ்வாய்ப்பு அரிதாயிற்று.

1992 இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தன் காலத்து வழக்கையே அடிப்படையாகக் கொண்டு நெறி மாற்றியது. 2008, 2020 ஆம் ஆண்டுகளில் அதன் விரிவாக்கப் பதிப்புகள் வந்தன. வாழும் சொல்லும் அகராதிக்கு உரியதே என்னும் எண்ணம் இன்று நிலைபெற்றுவிட்டது. இனி எஞ்சியிருப்பது, வாழும் சொல்லை யாரிடம் கேட்பது என்னும் வினாவே.

சதிர் என்னும் பெயர்

அதன் அருமையை உணர்த்தும் வரலாறு ஒன்று நம் ஊரைத் தொட்டு நிற்கிறது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற த. பாலசரசுவதி, கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925 ஆம் ஆண்டில் தம் ஏழாம் வயதில் அரங்கேறியது காஞ்சிபுரத்து அம்மன் கோயிலொன்றிலேயாகும். அன்று அவ்வாடலுக்கு மக்கள் வழக்கில் இருந்த பெயர் சதிர். 1930களில் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றோரின் பிரசாரத்தாலும் சென்னைச் சங்கீத வித்வத் சபையின் ஆதரவாலும் பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெற்றது. 1947 இல் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. கொடுமையான ஒரு வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயின் அவ்வழக்கத்தோடு, அவ்வாடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மகளிரின் சொற்களும் மேடையினின்று இறங்கிவிட்டன.

சதிர் என்பதற்குப் 'பரதநாட்டியத்தின் பழைய பெயர்' என்று மட்டும் எழுதிவிட்டால் அது வரலாறு ஆகாது. அது யார் ஆடியது, எவ்வெவ்விடங்களில் நிகழ்ந்தது, எப்போது, எக்காரணத்தால் வழக்கு வீழ்ந்தது என்னும் குறிப்புகளோடு தனித் தலைச்சொல்லாக நின்றாலன்றி, அதனை ஆடிய பெண்டிர் நம் மொழியின் நினைவில் இடம்பெறார். பெண் ஒருத்தி என்ற முறையிலும் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையிலும் இதனை வற்புறுத்திக் கூற விரும்புகிறேன்.

காஞ்சி வட்டாரக் கூத்தும் அதன் பெயரும்

சதிருக்கு நேர்ந்தது கடந்துபோன கதை. இன்னும் முடிவுறாத வழக்கு ஒன்றும் நம் வட்டாரத்திலேயே உள்ளது. காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக்களின்போது விடியுமளவும் நிகழும் கூத்தினை நாம் அனைவரும் அறிவோம். கட்டியக்காரன் முன்வந்து நகை விளைப்பதும், திரையின் பின்னிருந்து துரியோதனன் வெளிப்படுவதும், மிருதங்கமும் முகவீணையும் முழங்குவதும் கண்டு வளர்ந்தவர் நம்முட் பலர். இக்கூத்தினைப் பொதுவழக்கில் தெருக்கூத்து என்கிறோம்.

இதனை நிகழ்த்தும் கலைஞர் வழக்கிலோ கட்டைக்கூத்து என்னும் பெயரும் உண்டு. கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப்பதக்கம் என மரத்தாற் செய்து, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் பதித்த அணிகலன்களே கட்டை எனப்படுவன. அவற்றை அணியும் வேடங்கள் கட்டைவேடங்கள். 1990 ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் இப்பெயரையே தன் பெயராகக் கொண்டது. பெருங்கட்டூர் இராஜகோபாலும், இக்கூத்தினை ஆராய்ந்த நெதர்லாந்து நாட்டு அறிஞர் ஹன்னே எம். டி ப்ரூயினும் அப்பெயரை வலியுறுத்தினர். 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கலில் நடைபெற்ற குருகுலம், ஆடவர்க்கே உரியதாயிருந்த இக்கூத்தினைச் சிறுமியர்க்கும் பயிற்றுவித்தது.

அவர்கள் ஏன் ஒரு பெயருக்காக இத்துணை வாதாடவேண்டும்? 'தெரு' என்னும் அடையில் இழிவுக்குறிப்பு ஏறிவிட்டது என்பது அவர்தம் கருத்து. 'என்ன கூத்து இது', 'கூத்தடிக்கிறான்' என்றெல்லாம் நாம் நாள்தோறும் பேசும் பேச்சை எண்ணிப் பார்த்தால் அக்கருத்தின் நியாயம் விளங்கும். ஒருவர் தம் வாழ்நாளை ஈந்து பயின்ற கலையின் பெயர், மற்றவர் வாயில் வசைச்சொல்லாக வழங்குமாயின் அவர் மனம் நோவது இயல்பே. மறுபக்கம், புரிசைக் கலைஞர்கள் தெருக்கூத்து என்னும் பெயரையே பெருமையோடு தாங்கி நிற்கின்றனர். அம்மரபைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் 2025 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பொதுவெளியில் நிகழ்வது, அனைவர்க்கும் உரியது என்பதே அவர்கள் தரப்பில் 'தெரு'வின் பொருள் எனலாம்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது அகராதியின் வேலையன்று. இரு பெயர்க்கும் தனித்தனித் தலைச்சொல் தந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு வழிகாட்டி, எப்பெயரை யார், எவ்விடத்து வழங்குகின்றனர் என்று குறிப்பதே அதன் கடமை. பொதுச்சொல்லாகிய கூத்தின்கீழ் இரண்டையும் ஒரு வரியில் அடக்கிவிடின், இவ்வரலாறு முழுவதும் அவ்வரியின் அடியில் புதைந்துவிடும். தப்பாட்டம், பறையாட்டம் என்னும் இரு பெயர்களின் நிலையும் இதுவே. தப்பு என்னும் இசைக்கருவியின் பெயரோடு, பிழையைக் குறிக்கும் தப்பு என்னும் சொல் ஒலியால் ஒன்றுபட்டு நிற்கிறது. இரண்டையும் பிரித்துப் பதியாத அகராதி, கலைஞர்க்கு அறியாமலே தீங்கிழைத்ததாகும்.

ஈழத்திலும் இத்தகைய பெயர்கள் உள்ளன. மட்டக்களப்புக் கூத்தர் வழங்கும் வடமோடி, தென்மோடி என்னும் பெயர்களை வடக்கு, தெற்கு, மோடி என்று பிரித்துப் பொருள் கண்டால் கூத்து கிடைக்காது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு அக்கூத்துகளை நகர மேடைகளில் நிகழ்த்திக் காட்டியபோது, கலைஞர் வழக்கிலிருந்த அப்பெயர்களும் கற்றோர் வழக்கில் உறுதிபெற்றன.

எவற்றிற்குத் தனிப்பதிவு?

ஊர்தோறும் உள்ள ஆட்டங்களுக்கெல்லாம் இடம் தந்தால் அகராதி அளவிறந்து பெருகிவிடாதா என்று வினவுவோர் உளர். தமிழில் எப்பெயரோடும் ஆட்டம் என்பதைக் கூட்டிப் புதுச்சொல் ஆக்கலாம் என்பது உண்மையே. இத்தடைக்கு விடையாக மூன்று அளவுகோல்களைக் கூறலாம். முதலாவது, கூறுகளின் பொருளைக் கூட்டினால் முழுச்சொல்லின் பொருள் கிடைக்கிறதா என்பது. கிடைக்கவில்லையெனின் தனிப்பதிவு வேண்டும். இரண்டாவது, அப்பெயர் ஆடுவோர் வழக்கிலும் காண்போர் வழக்கிலும் நிலைபெற்றுள்ளதா என்பது. மூன்றாவது, அப்பெயரினின்று வேறு சொற்கள் கிளைத்துள்ளனவா என்பது. கரகாட்டக்காரர், கட்டைவேடம், கும்மிப்பாட்டு எனக் கிளைவிட்ட பெயர் வேரூன்றிய பெயரேயாகும்.

காஞ்சியில் வாழ்வோர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கோர்வை என்னும் தொழிற்பெயர் கோத்தல் என்னும் பொருளுடையது. நம் நெசவாளர்க்கோ, சேலையின் உடலையும் வேறு நிறமுடைய கரைகளையும் மூன்று நாடாக்களைக்கொண்டு ஊடை பின்னி இணைக்கும் நுட்பமே கோர்வை. நாட்டியம் பயில்வார்க்கு அது அடவுகளின் தொடர். மிருதங்கம் வாசிப்பார்க்குத் தீர்மானமாக அமையும் தாளக்கட்டு. என் வகுப்பில் நெசவாளர் குடும்பத்து மாணவியரிடம் இச்சொல்லைக் கூறினால், அவர்கள் கண்முன் தறியே வந்து நிற்கிறது. 'கோக்கும் செயல்' என்று மட்டும் பொருள் எழுதும் அகராதி, தறியையும் அரங்கையும் ஒருங்கே இழந்துவிடும். ஆடற்பெயர்களைப் பொதுச்சொல்லில் அடக்குவதும் இத்தகைய இழப்பே.

ஆடற்பெயர்க்குரிய பதிவு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கும் நாம் பிறரிடம் செல்லவேண்டா. ஆடுவோர், களம், கருவி, காலம், கோலம் என அடியார்க்குநல்லார் காட்டிய நெறியே போதுமானது. அவற்றோடு வழங்கும் வட்டாரத்தையும், கலைஞர் தாமே இட்டு வழங்கும் பெயரையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

இத்தகைய பணியைப் பெரிய நிறுவனங்களுக்கே உரியது என்று விட்டுவிடுதல் தகாது. தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974 இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டம் 2011 இல் நிறைவெய்தியது. பேரகராதிகளின் காலக்கணக்கு அத்தகையது. கலைஞரின் ஆயுள் அத்துணைக் காலம் காத்திராது. பத்தாண்டு காலம் தமிழ் வளர்த்துவரும் நம் வட்டத்தைப் போன்ற அமைப்புகள், தத்தம் ஊரின் ஆடற்பெயர்களையும், வேடம், அணி, தாளம், அடவு ஆகியவற்றுக்குக் கலைஞர் வழங்கும் சொற்களையும் அவர்களிடமே கேட்டெழுதித் தொகுத்தல் கூடும். அடுத்த பங்குனி, சித்திரையில் பாரத விழாவுக்குச் செல்லும் அன்பர்கள், கூத்து முடிந்து ஒப்பனை கலைக்கும் கலைஞரிடம் சற்று அமர்ந்து, அவர் அணிந்த ஒவ்வொன்றன் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வார்களாக. நாளைய அகராதிக்கு அதுவே முதற்பக்கமாகும்.